ஃபுல் ஃபிரேம் லென்ஸ், சிறிய சென்சார்: ஃபோக்கல் ரெடியூசரை எந்த வரிசையில் பொருத்துவது?

"அண்ணே, ஐம்பது எம்எம் மாட்டிப் பார்த்தேன், தூரத்துல ஒன்னுமே தெளிவா விழல. ரெடியூசர் போலி போலிருக்கு."

தைப்பூசத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது இப்படி ஒரு தம்பியாவது வந்து நிற்பார். பினாங்குத் தண்ணீர்மலை அடிவாரத்தில் இரவில் காவடிகளைப் படம் பிடிக்க வெளிச்சம் பத்தாது. பெரிய சென்சார் (ஒளியைப் பிடிக்கும் சில்லு) உள்ள ஃபுல் ஃபிரேம் கேமரா வாங்கக் கையில் காசு இல்லை. மாமாவின் பழைய லென்ஸ் ஒன்று வீட்டில் சும்மா கிடக்கிறது. அதனால் ரெடியூசர், அதாவது அந்த லென்ஸுக்கும் சிறிய சென்சார் கேமராவுக்கும் இடையில் மாட்டும் துண்டு. யோசனையில் தப்பில்லை, வரிசையில்தான் தப்பு. முதலில் வாங்குகிறார்கள், பிறகு மாட்டுகிறார்கள், படம் மங்கலாக வந்த பிறகுதான் பொருந்துமா என்று பார்க்கிறார்கள்.

பினாங்கில் கல்யாணம், கோயில் விழா என்று சிறிய சென்சார் கேமராவோடு அலைந்து, நானே பட்டுத் தெரிந்துகொண்ட வரிசை கீழே இருக்கிறது. படிகளை மாற்றிச் செய்யாதீர்கள். ஒன்றில் விட்ட தவறு மூன்று படி தள்ளித்தான் கண்ணுக்குத் தெரியும், அதற்குள் பழி வேறொன்றின் மேல் விழுந்திருக்கும்.

1. காசு கொடுக்கும் முன் கணக்கு

ரெடியூசர் என்பது உள்ளே கண்ணாடி உள்ள அடாப்டர். ஃபுல் ஃபிரேம் லென்ஸ் சுமார் 43 மி.மீ. விட்டமுள்ள வட்டத்தில் பிம்பத்தை விழச் செய்கிறது. சிறிய சென்சார் வகைகளில் ஏபிஎஸ்-சியின் மூலைவிட்டம் 28 மி.மீ. மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸில் 21.6 மி.மீ. கண்ணாடி இல்லாத வெறும் வளையத்தை மாட்டினால் வட்டத்தின் நடுப்பகுதி மட்டும் சென்சாரில் விழும், மிச்ச ஒளி கேமராவின் உட்சுவரில் வீணாகப் போகும். ரெடியூசர் அந்த வட்டத்தைச் சுருக்குகிறது. அகலப் பரவிய ஒளி சின்ன இடத்தில் வந்து சேர்வதால் படம் பிரகாசமாகிறது. பிம்பத்தைப் பெரிதாக்கும் டெலிகன்வெர்ட்டர் செய்யும் வேலைக்கு நேர் எதிர்.

கணக்கு சுலபம். ரெடியூசரின் மடங்கால் குவியத்தூரத்தையும் (லென்ஸில் மி.மீ.யில் எழுதியிருப்பது) எஃப் எண்ணையும் (லென்ஸின் ஒளித்துவாரமான அபெர்ச்சரின் அளவு, எண் சிறிதானால் ஒளி கூடும்) பெருக்குங்கள். பரவலாகக் கிடைப்பது 0.71 மடங்கு. 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் அதில் 35.5 மி.மீ. எஃப் 1.28 ஆகிறது. ஒளியில் கிட்டத்தட்ட ஒரு ஸ்டாப், அதாவது இரண்டு மடங்கு, லாபம். 0.64 மடங்கு என்றால் ஒன்றே கால் ஸ்டாப்புக்குச் சற்று மேல்.

சென்சாரின் பெருக்கத்தை, அதாவது சிறிய சென்சார் ஃபுல் ஃபிரேமைவிட எத்தனை மடங்கு குறுகலாகப் பார்க்கிறது என்ற எண்ணை, இதற்குப் பிறகுதான் போட வேண்டும். 35.5ஐ 1.5ஆல் பெருக்கினால் 53. ஆக, ஏபிஎஸ்-சியில் உங்கள் ஐம்பது கிட்டத்தட்ட ஐம்பதாகவே தெரியும். மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸில் இரண்டால் பெருக்க வேண்டும், 71 வரும். அங்கே 0.71 மடங்கு போட்டாலும் பார்வைக் கோணம் முழுதாகத் திரும்பி வராது. "ரெடியூசர் போட்டால் ஃபுல் ஃபிரேம் ஆகிவிடும்" என்று நினைத்து வாங்கியவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

பின்புலம் மங்குவதிலும் இதே குழப்பம் உண்டு. எஃப் 1.28 என்பது எக்ஸ்போஷருக்கு, அதாவது படத்தின் வெளிச்சத்துக்கு, உண்மை. ஆனால் மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸில் பின்புலம் மங்கும் அளவு, ஃபுல் ஃபிரேமில் 71 மி.மீ. லென்ஸை எஃப் 2.5 அளவில் வைத்தால் எப்படி இருக்குமோ அப்படித்தான் இருக்கும். மோசமில்லை. ஆனால் எண்ணைப் பார்த்துக் கனவு காண வேண்டாம்.

பறவை, கால்பந்து என்று தூரத்தை இழுத்துப் பிடிக்கிறவருக்கு ரெடியூசர் வேண்டவே வேண்டாம். சிறிய சென்சார் தரும் நெருக்கத்தை இது பறித்துவிடும். வெறும் வளையம் போதும்.

2. மவுண்ட் பொருந்துமா?

மவுண்ட் என்பது லென்ஸும் கேமராவும் பூட்டிக்கொள்ளும் வாய். ஒவ்வொரு மவுண்டுக்கும் அதன் உலோக முகத்திலிருந்து சென்சார் வரை ஒரு நிலையான தூரம் உண்டு. கேனன் இஎஃப் 44 மி.மீ., நிக்கான் எஃப் 46.5, பழைய எம்42 திருகு மவுண்ட் 45.46. லென்ஸுக்குப் பின்னால் பிம்பத்தைத் திருப்பும் மிரர் இல்லாத கேமராக்களில், அதாவது மிரர்லெஸ்ஸில், இது மிகக் குறைவு: சோனி இ 18, ஃபூஜி எக்ஸ் 17.7, மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் சுமார் 19.25. இரண்டுக்கும் இடையிலுள்ள இருபத்தைந்து மி.மீ. சொச்சம்தான் ரெடியூசர் உட்காரும் அறை.

அதனால் எஸ்எல்ஆர் (உள்ளே மிரர் உள்ள கேமரா) காலத்து லென்ஸ்களே இதற்கு ஏற்றவை. மிரர்லெஸ் ஃபுல் ஃபிரேமுக்கென்று செய்த புது லென்ஸ்களுக்கு அந்த அறை கிடையாது. லைக்கா எம் லென்ஸ்களுக்கு 27.8 மி.மீ. என்பதால் சோனியில் 10 மி.மீ.கூட மிஞ்சாது. அதற்குள் கண்ணாடிக் கூட்டத்தைத் திணிக்க முடியாது.

எந்த மவுண்டில் ரெடியூசர் வாங்குவது? பழைய லென்ஸ்கள் பலவற்றைச் சேர்த்து வைத்திருப்பவருக்கு என் யோசனை கேனன் இஎஃப் ரெடியூசர். அதன் தூரம் 44 மி.மீ. என்பதால், அதைவிட நீளமான தூரமுள்ள எம்42, நிக்கான் எஃப், ஒலிம்பஸ் ஓஎம், கான்டாக்ஸ் லென்ஸ்களை மெல்லிய வளையம் ஒன்றைப் போட்டு அதிலேயே மாட்டலாம். ஒரே ரெடியூசர், வளையங்கள் மட்டும் மாறும். கேனன் எஃப்டியும் (42) மினோல்ட்டாவும் (43.5) இஎஃப்பைவிடக் குட்டை. அவை இந்த வழியில் வராது, தனி ரெடியூசர் தேட வேண்டும்.

லென்ஸே ஏபிஎஸ்-சிக்குச் செய்தது என்றால் விட்டுவிடுங்கள். அதன் வட்டம் 28 மி.மீ., 0.71ஆல் சுருங்கினால் 20. ஏபிஎஸ்-சி சென்சாரில் நான்கு மூலையும் கறுக்கும், மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸிலும் ஓரம் இருளும். கேனன் இஎஃப்-எஸ் வகை லென்ஸ்களின் பின்பகுதி உள்ளே நீண்டிருப்பதால் சில ரெடியூசர்களில் மாட்டவே முடியாது.

எஃப் எண்ணை எப்படி மாற்றப் போகிறீர்கள் என்பதையும் இப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். கேனன் இஎஃப் லென்ஸ்களின் அபெர்ச்சர் மின்சாரத்தில் இயங்குவது. மின்தொடர்பு இல்லாத மலிவு ரெடியூசரில் அது முழுதாகத் திறந்தபடியே நிற்கும். நிக்கான் ஜி வகையில் லென்ஸ் மேல் வளையமே கிடையாது, ரெடியூசரில்தான் இருக்க வேண்டும், அதில் எண்களும் இருக்காது.

3. பின்கண்ணாடி இடிக்குமா?

எல்லாரும் தாண்டிப்போகும் படி இது. நானும் தாண்டினேன்.

எம்42 லென்ஸ் ஒன்றைக் கிட்ட ஃபோகஸில் வைத்து மாட்டினேன். அழகாக உட்கார்ந்தது. ஃபோகஸ் வளையத்தைத் தூரத்துக்குத் திருப்பிக்கொண்டே போனபோது கடைசியில் ஒரு சின்ன இறுக்கம். பழைய கிரீஸ் கெட்டிப்பட்டிருக்கும் என்று நினைத்து இன்னும் கொஞ்சம் அழுத்தித் திருப்பினேன். "கரக்" என்றது. கழற்றிப் பார்த்தால் ரெடியூசரின் முன்கண்ணாடி நடுவில் பிறைநிலா மாதிரி ஒரு கீறல். இன்றைக்கும் தெருவிளக்குக்கு எதிரே பிடித்தால் அந்தப் பிறை எட்டிப் பார்க்கும்.

காரணம் இதுதான். பழைய லென்ஸ்கள் பெரும்பாலானவற்றில் தூரத்துக்குத் திருப்பத் திருப்பக் கண்ணாடிக் கூட்டம் முழுவதும் பின்னோக்கி, கேமராவை நோக்கி நகரும். எஸ்எல்ஆரில் அங்கே காலியிடம் இருந்தது. ரெடியூசரில் அங்கே கண்ணாடி இருக்கிறது.

அளக்கும் முறை: லென்ஸை முடிவிலிக்கு (ஃபோகஸ் வளையத்தில் மிகத் தூரத்தைக் காட்டும் கடைசிக் குறி) திருப்பி, பின்பக்கம் மேலே பார்க்க மேசையில் வையுங்கள். மவுண்டின் உலோக முகத்திலிருந்து மிக உயரமாக நிற்கும் பகுதி வரை எத்தனை மி.மீ.? கண்ணாடியை மட்டும் பார்க்காதீர்கள், அதைச் சுற்றிய உலோகக் கழுத்து, நெம்புகோல், காப்புத் தகடு எல்லாம் கணக்கில் உண்டு. அப்புறம் ரெடியூசரின் மவுண்ட் முகத்திலிருந்து அதன் கண்ணாடி வரை எவ்வளவு ஆழம் என்று அளங்கள். வெர்னியர் அளவுகோலின் ஆழக்கம்பி நுனியில் டேப் சுற்றிக்கொண்டால் கண்ணாடியில் கீறாது. ஐஸ்கிரீம் குச்சியில் பென்சில் கோடு போட்டாலும் போதும். இடையே வளையம் வருமானால் அதன் தடிமனையும் ஆழத்தோடு கூட்டிக்கொள்ளுங்கள். ஒரு மி.மீ.யாவது இடைவெளி இல்லாவிட்டால் அந்த லென்ஸை மறந்துவிடுவது நல்லது.

ரெடியூசரின் பின்பக்கத்துக்கும் இதே எச்சரிக்கை. மவுண்ட் ஒன்றாக இருப்பதாலேயே எல்லாக் கேமராவுக்கும் ஆகாது. பிளாக்மேஜிக் பாக்கெட் கேமராவின் முதல் மாடலுக்கென்று மெட்டாபோன்ஸ் செய்த 0.58 மடங்கு ரெடியூசரும் மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் மவுண்ட்தான். ஆனால் அதன் பின்கண்ணாடி நீண்டு நிற்கும், பானசோனிக், ஒலிம்பஸ் கேமராவில் மாட்டினால் ஷட்டரில் போய் இடிக்கும். பழைய சாமானாக வாங்கும்போது எந்தக் கேமராவுக்குச் செய்தது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

4. லென்ஸைத் தனியே சோதியுங்கள்

லோரோங் கூலிட் காலைச் சந்தையில் பழைய லென்ஸ் வாங்குகிறவர் கைப்பேசி டார்ச்சை மறக்கக்கூடாது. பின்பக்கத்திலிருந்து வெளிச்சம் அடித்து, முன்பக்கம் சாய்த்துப் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி கிளை விட்டிருந்தால் பூஞ்சை. நம் ஊர் ஈரக்காற்றில் அது வராத பழைய லென்ஸைப் பார்ப்பதே அபூர்வம். ஓரத்தில் இரண்டு இழை என்றால் படத்தில் தெரியாது. நடுவில் பனி படர்ந்த மாதிரி வெண்மை என்றால் வேண்டாம். ரெடியூசர் அந்த மங்கலை நீக்காது. உள்ளதைச் சுருக்கித் தருவதோடு அதன் வேலை முடிந்தது.

பழைய டாக்குமார் 50 மி.மீ. எஃப் 1.4 சிலவற்றில் கண்ணாடி தேயிலை நிறத்தில் இருக்கும். அது அழுக்கில்லை. அந்தக் காலத்துத் தோரியம் கலந்த கண்ணாடி மஞ்சளித்திருக்கிறது. சில நாள் வெயிலில் வைத்தால் தெளியும். கடைக்கார அங்கிளிடம் விலை குறைக்க மட்டும் அந்த மஞ்சளைக் காட்டலாம்.

வீட்டுக்கு வந்ததும் ரெடியூசரைத் தொடாமல், முதலில் வெறும் வளையத்தில் மாட்டி நாலு படம் எடுங்கள். வெறும் வளையமே தெளிவாக வரவில்லை என்றால் குறை லென்ஸில். அது தெளிவாக இருந்து ரெடியூசரில் மங்கினால் குறை இந்தப் பக்கம். இந்த நாலு படம் இல்லாமல் என்னிடம் வருகிற தம்பிகளை நான் திருப்பி அனுப்பிவிடுவேன்.

5. மாட்டும் வரிசை

கேமராவை அணைத்துவிடுங்கள். லென்ஸை முதலில் ரெடியூசரில் மாட்டி, இரண்டையும் ஒரே துண்டாகக் கேமராவில் மாட்டுங்கள். கழற்றும்போதும் ஒரே துண்டாக. சென்சார் திறந்திருக்கும் நேரம் குறையும் என்பது ஒரு காரணம். ரெடியூசரின் பின்கண்ணாடி சென்சாருக்கு மிக அருகில் இருப்பதால் அதில் ஒட்டும் தூசி படத்தில் நிழலாக விழலாம் என்பது இன்னொன்று. மாட்டும் முன் இரு பக்கமும் ஊதி விடுங்கள், ரப்பர் பந்தால். வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும்.

லென்ஸ் கனமானால், முக்காலியை ரெடியூசரின் அடியிலுள்ள காலில் பொருத்துங்கள். கேமராவின் அடியில் பொருத்தினால் மவுண்ட் முழு எடையையும் தாங்கி மெல்லச் சாயும். சாய்ந்த மவுண்டில் படத்தின் ஒரு பக்கம் மட்டும் மங்கும்.

6. முடிவிலியைச் சரிசெய்தல்

மேலே சொன்ன தம்பியின் ரெடியூசர் போலியில்லை. அதன் கண்ணாடி அரைச் சுற்றுத் தள்ளி நின்றது, அவ்வளவே. கூர்மை நன்றாக இல்லை, மூலை மங்கல், ஆட்டோஃபோகஸ் தடுமாறுகிறது என்று எந்தக் குறை சொன்னாலும் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

தூரம் எத்தனை நுணுக்கமானது என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கண்ணாடி இருக்க வேண்டிய இடத்திலிருந்து விலகியதால் ஃபோகஸ் 0.05 மி.மீ. தவறியது என்று வையுங்கள். ஒரு தாளின் தடிமன் கூட இல்லை. 135 மி.மீ. லென்ஸ் (ரெடியூசரில் 96) கடைசிவரை திருப்பினாலும் 180 மீட்டருக்கு அப்பால் தெளியாது. 50 மி.மீ. லென்ஸ் 25 மீட்டரோடு நின்றுவிடும். 24 மி.மீ. லென்ஸ் ஆறு மீட்டரைக்கூடத் தாண்டாது. குவியத்தூரம் குறையக் குறைய, அதே தவறு பெரிதாகிறது. எனவே உங்களிடம் உள்ளதிலேயே அகலமான லென்ஸை வைத்துத்தான் சரிசெய்ய வேண்டும். நீளமான லென்ஸில் சரிசெய்து "ஆயிற்று" என்று நினைத்தவர்கள் அடுத்த கல்யாணத்தில் மணமேடையை அகலமாக எடுக்கும்போது மாட்டிக்கொள்வார்கள்.

இலக்கு: எதிர்வீட்டு மாடி போதாது. எஃப் 1.28இல் 100 மீட்டரில் உள்ள கட்டடத்துக்கும் உண்மையான முடிவிலிக்கும் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். நான் காலையில் பாடாங் கோத்தா கடலோரம் போய்விடுவேன். நீரிணைக்கு அக்கரையில், சுமார் 3 கி.மீ. தூரத்தில், பட்டர்வொர்த் துறைமுகக் கிரேன்கள் நிற்கின்றன. அவற்றின் குறுக்குக் கம்பிகள் ஃபோகஸ் பார்க்கச் செய்து வைத்த மாதிரி இருக்கும். வெயில் ஏறும் முன் போங்கள். பத்து மணிக்கு மேல் கடல்மேல் காற்று நெளிய ஆரம்பிக்கும், அப்போது எந்த லென்ஸும் மங்கலாகவே தெரியும். கடல் பக்கம் போக முடியாதவர்கள் இரவில் நிலாவின் விளிம்பைப் பார்க்கலாம்.

முக்காலியில் வைத்து, அபெர்ச்சரை முழுதாகத் திறந்து, திரையில் முழு அளவுக்குப் பெரிதாக்கிப் பாருங்கள். அபெர்ச்சரை மூடினால் ஆழம் கூடித் தவறு ஒளிந்துகொள்ளும். வளையத்தில் உள்ள முடிவிலிக் குறியைப் பார்க்காதீர்கள். கிரேனைப் பார்த்து மெதுவாகத் திருப்புங்கள்.

மூன்றில் ஒன்று நடக்கும். வளையம் முட்டி நிற்கும் இடத்திலேயே தெளிந்தால் பிரமாதம், தொடாதீர்கள். முட்டுவதற்குச் சற்று முன்பே தெளிந்து, மேலும் திருப்பினால் மங்கினால் அதுவும் சரி. ஆனால் அந்த மிச்சம் அதிகமாக இருந்தால், அகலமான லென்ஸ்களில் மூலைகள் கெடும். பல அகல லென்ஸ்களில் சில கண்ணாடிகள் மட்டும் தனியே நகர்ந்து மூலையைச் சரிசெய்யும், தூரம் மாறினால் அந்த ஏற்பாடு பிசகும். மூன்றாவது, கடைசிவரை திருப்பியும் தெளியவில்லை என்றால் கண்ணாடியைத் திருக வேண்டும்.

பல ரெடியூசர்களில் கண்ணாடிக் கூட்டம் மறையில் திருகி உட்கார்ந்திருக்கும். பக்கவாட்டில் மிகச் சிறிய அறுகோணத் திருகு ஒன்று அதைப் பூட்டியிருக்கும். சாவியின் அளவு சரியாக இருக்கட்டும், தளர்ந்த சாவியால் திருகினால் தலை மழுங்கிப்போகும். அதைத் தளர்த்துங்கள், கழற்ற வேண்டாம். உள்வளையத்துக்கும் வெளிவளையத்துக்கும் சேர்த்துப் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். இந்தக் கோடு இல்லாமல் ஆரம்பித்தவர் திரும்பி வர வழியில்லாமல் நிற்பார்.

இப்போது எட்டில் ஒரு சுற்று ஒரு பக்கம் திருப்பி, மாட்டி, கிரேனைப் பாருங்கள். முன்பைவிடத் தெளிந்தால் அதே பக்கம் போங்கள், கெட்டால் மறுபக்கம். பலமுறை கழற்றி மாட்ட வேண்டியிருக்கும், அவசரப்படாதீர்கள். முட்டும் இடத்துக்கு ஒரு மயிரிழை முன்னால் தெளியும்படி நிறுத்துங்கள். வெயிலில் உலோகம் விரிந்தாலும் முடிவிலி கைநழுவாது. திருகை மென்மையாக இறுக்கி, இறுக்கிய பிறகும் ஒருமுறை பாருங்கள். இறுக்கும்போதே நகர்வது உண்டு. கண்ணாடி நகர்ந்ததால் மூன்றாம் படியில் அளந்த ஆழமும் மாறியிருக்கும். மற்ற லென்ஸ்களை மாட்டும் முன் மறுபடி அளந்துகொள்ளுங்கள்.

ஜூம் லென்ஸ் என்றால் அகல முனையில் வைத்துச் சரிசெய்யுங்கள். தூரம் சரியாக இல்லாத ரெடியூசரில், நீள முனையில் ஃபோகஸ் செய்துவிட்டு அகலத்துக்கு வந்தால் படம் நழுவும்.

ஒரு லென்ஸ் மட்டும் ஒத்துவராமல், மற்றவை எல்லாம் சரியாக இருந்தால் ரெடியூசரை மறுபடி திருகாதீர்கள். அந்த லென்ஸின் வளையத்தை மாற்றுங்கள். மலிவான எம்42 வளையங்கள் எல்லாம் ஒரே தடிமனில் வருவதில்லை.

7. மெனுவில் செய்ய வேண்டியவை

மின்தொடர்பு இல்லாத லென்ஸ் மாட்டினால் பல கேமராக்கள் "லென்ஸ் இல்லை" என்று எண்ணி ஷட்டரை விடாது. லென்ஸ் இல்லாமலும் படம் எடுக்க அனுமதிக்கும் அமைப்பைத் திறந்து வையுங்கள். கேமரா கெட்டுவிட்டது என்று பதறி வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

கேமராவின் உள்ளேயே ஆட்டம் தடுக்கும் வசதி இருந்தால் அது குவியத்தூரத்தைக் கேட்கும். லென்ஸில் எழுதியிருக்கும் 50ஐப் போடாதீர்கள். ரெடியூசருக்குப் பிறகு வரும் எண்ணைப் போடுங்கள், 35 அல்லது 36. ஐம்பது என்று சொன்னால் சென்சார் தேவைக்கு மேல் நகர்ந்து, தடுக்க வேண்டிய ஆட்டத்தைத் தானே உண்டாக்கும். சென்சாரின் பெருக்கத்தையும் சேர்த்து 71 என்று போடுவது இன்னும் மோசம்.

மின்தொடர்பு உள்ள ரெடியூசர் இந்த எண்ணைத் தானே கேமராவுக்குச் சொல்லிவிடும். பூட்டுவதற்கு முன் அதன் மென்பொருளைப் புதுப்பித்துக்கொள்ளுங்கள், வில்ட்ராக்ஸ் போன்றவற்றில் அதற்கென்றே பக்கவாட்டில் சிறிய யூஎஸ்பி துளை இருக்கிறது. ஆட்டோஃபோகஸை ஒற்றைப் புள்ளியில், ஒரு முறை பிடித்து நிறுத்தும் முறையில் வையுங்கள். மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸில் தொடர் ஃபோகஸை நம்பிக் காவடியின் பின்னால் ஓடாதீர்கள். லென்ஸ் முன்னும் பின்னும் தேடிக்கொண்டிருக்கும், காவடி போய்விடும்.

8. ஒவ்வொரு எஃப் படியிலும் ஒரு படம்

செய்தித்தாள் பக்கத்தைச் சுவரில் ஒட்டி, ஒவ்வொரு படியிலும் ஒரு படம் எடுத்து வையுங்கள். வெறும் வளையத்தில் எடுத்ததோடு ஒப்பிடுங்கள். முழுதாகத் திறந்த நிலையில் நடுப்பகுதி பல சமயம் ரெடியூசரில் இன்னும் கூர்மையாகத் தெரியும். பிம்பம் சுருங்கும்போது லென்ஸின் பிழைகளும் சேர்ந்து சுருங்குவதுதான் காரணம். மூலைகள் அப்படியில்லை, லென்ஸின் வட்டத்து ஓரம்வரை இப்போது பயன்படுத்துகிறீர்கள். பழைய எஃப் 1.4 லென்ஸ் எஃப் 1.0 ஆகிவிட்டது என்று மகிழ்வதற்கு முன் ஒரு படி மூடிப் பாருங்கள். அங்கேதான் அது லென்ஸாகும். அப்போதும் வெறும் வளையத்தில் முழுதாகத் திறந்து வைத்ததற்குச் சமமான ஒளி கிடைக்கும்.

இன்னொரு சோதனை: விளக்கு ஒன்றைச் சட்டத்துக்குள் வைத்து எஃப் 11 வரை மூடுங்கள். சில மலிவு ரெடியூசர்களில் படத்தின் நடுவே நீலப் பொட்டு ஒன்று தோன்றும். சென்சாருக்கும் கண்ணாடிக்கும் இடையே ஒளி பட்டுத் திரும்புவதால் வருவது. சரிசெய்ய வழியில்லை, மூடாமல் பயன்படுத்த வேண்டியதுதான், அல்லது திருப்பிக் கொடுக்கக்கூடிய நாளுக்குள் கொடுத்துவிட வேண்டும்.

9. இரவும் வெயிலும்

பழைய லென்ஸின் வளையத்தில் உள்ள எண்கள் இனி பொய். நான் அதன் மேல் வெள்ளை டேப் ஒட்டி, பேனாவால் புது எண்களை எழுதியிருக்கிறேன்: 2 இருந்த இடத்தில் 1.4, 2.8க்கு 2, 4க்கு 2.8. கையில் பிடிக்கும் லைட் மீட்டர் வைத்திருப்பவருக்கும், இரண்டு கேமராவை ஒரே அளவில் ஓட்டுகிறவருக்கும் இது கட்டாயம். கேமராவின் சொந்த மீட்டர் உள்ளே விழும் ஒளியை அளப்பதால் அதற்குக் கவலையில்லை.

இரவில் ஒரு ஸ்டாப் என்றால் என்ன என்று கேட்பவருக்கு: வெறும் வளையத்தில் எஃப் 1.8, 1/125 நொடி, ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளி உணர்திறன்) 3200 தேவைப்பட்ட இடத்தில் ரெடியூசரோடு ஐஎஸ்ஓ 1600 போதும். அல்லது ஐஎஸ்ஓவை விட்டுவிட்டு 1/250க்குப் போகலாம். நான் பெரும்பாலும் இரண்டாவதைத்தான் எடுப்பேன். உடைத்த தேங்காய் சிதறும்போது 1/125இல் வெறும் வெள்ளைக் கோடுதான் விழும்.

பகலில் இதே லாபம் தொல்லை. நண்பகல் வெயிலில் ஐஎஸ்ஓ 200இல் எஃப் 1.28 திறந்தால் 1/30,000 நொடிக்கும் வேகமான ஷட்டர் கேட்கும். பல கேமராக்களின் இயந்திர ஷட்டர் 1/4000 அல்லது 1/8000இல் நின்றுவிடும். லென்ஸ் முன்னால் மூன்று ஸ்டாப் குறைக்கும் என்டி8 ஃபில்டர் போட்டால் 1/4000க்குள் வரும். அல்லது மூடிக்கொள்ளுங்கள்.

10. ஈரம்

குளிரூட்டிய கல்யாண மண்டபத்திலிருந்து வெளியே வந்ததும் கேமரா வேர்க்கும். லென்ஸின் முன்கண்ணாடியைத் துடைத்துவிடலாம். ரெடியூசருக்கும் லென்ஸுக்கும் இடையே படியும் பனியைத் துடைக்க வழியில்லை. அங்கேயே கழற்றித் துடைக்கப் போனால் ஈரக்காற்று சென்சார் வரை போகும். மண்டபத்தை விட்டுக் கிளம்பும் முன் பையை மூடி, வெளியே வந்து அரை மணி நேரம் பைக்குள்ளேயே விடுங்கள். மாப்பிள்ளை அழைப்பைப் படம் பிடிக்க வேண்டுமென்றால் ரெடியூசர் மாட்டிய கேமராவை முன்கூட்டியே வாசலில் யாரிடமாவது கொடுத்து வைத்துவிடுவேன்.

வீட்டில் உலர் பெட்டி இருந்தால் ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதம். பெட்டி இல்லாதவர் இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல்லும் சின்ன ஈரமானியும் போட்டு வைக்கலாம். நீல மணிகள் இளஞ்சிவப்பானால் மாற்றிவிடுங்கள். பழைய லென்ஸோடு வந்த தோல் உறைக்குள் மட்டும் ரெடியூசரை வைக்காதீர்கள். அந்தத் தோலில்தான் பூஞ்சை முதலில் குடியேறும்.